செங்குல்லாப் படை தாமதமாக வந்த நாள்

அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற இரண்டு ஆண்கள், வருஷத்துக்கு ஒரு நாள் மாடி அறையில் நின்றுகொண்டு பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்துகிறார்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். மாமனார், மாமியார், சகலை, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் உங்களிடம் வருகிறேன். வயசுக்கு மரியாதை கொடுத்து இரண்டு பேரையும் 'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன். அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போது இரண்டு முகங்களையும் பார்த்தால் 'அவன்' என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஒருத்தன் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை; டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் அதைப் பார்த்து பல்செட் செய்து கொடுக்கிற லேப் அவனுடையது. ஆகவே அவன் பல்லு. இன்னொருத்தன் பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போகணும் என்று போட்டுக் கொடுக்கிறவன். அவனுக்கு அந்த வேலை கிடைத்த அன்றைக்கே பல்லு 'டைம்டேபிள்' என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது அவன் பெண்டாட்டிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

போருக்கு முந்தின வாரம் டைம்டேபிளுக்கு ஒரு போன் வந்தது. பல்லுவின் மனைவி. வீட்டுக்குப் பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் நின்று பேசுகிறாள் என்பது, குரலை அவள் அமுக்கிப் பேசியதிலேயே தெரிந்தது.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"இந்தத் தடவை அவரு ஜெயிக்கட்டுமே அண்ணா."

அவளே தொடர்ந்தாள். "லேப்புக்குப் போறதில்லை. பேப்பர் பிரிக்கிறதில்லை. சாப்பிட்டா சாப்பிட்டாரு, இல்லைன்னா இல்லை. கத்தறதுகூட இல்லண்ணா. கல்யாணம் ஆன நாளா இவரு கத்தாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டவ நான், இப்ப வீடு இருக்கிற இருப்பைப் பாத்தா வயித்தைக் கலக்குது. நீங்க வர்ற நாளை மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காரு. அன்னைக்கும் தோத்தாருன்னா அவ்வளவுதான், அப்படியே உக்காந்துடுவாரு."

விஷயம் இதுதான். பல்லுவுக்கு வலது கை நடுங்குகிறது. முதலில் கரண்டியில் தெரிந்தது, பிறகு பிரஷ்ஷில் தெரிந்தது. மருந்து கொடுத்தால் கொஞ்சம் அடங்கும், போகப் போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பல்லில் மயிரிழை அளவு மேடு தட்டினாலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற ஆள் அவன். அப்படிப்பட்டவனுக்கு இந்த வியாதி வந்தது அநியாயம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"பாத்துக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு டைம்டேபிள் போனை வைத்தான். சொன்ன மாதிரியே தோற்றுவிடுவது என்று அப்போதே முடிவும் செய்துவிட்டான். நண்பன் பழையபடி எழுந்து நடமாடணும், அதற்கு ஒரு போரை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

போர் நாள் காலையில் அவன் போனபோது பல்லு மாடியில் இருந்தான். கீழே லேப் பூட்டியிருந்தது, விடுமுறை. படி ஏறும்போதே அந்த வாசனை வந்தது: பல் அச்சு வார்க்கிற மாவு, உருகின மெழுகு, பெயிண்ட். இந்த மூன்றும் கலந்த வாசனையை வேறு எங்கே முகர்ந்தாலும் டைம்டேபிளுக்குப் பதினைந்து வயசாகிவிடும். ஒருதடவை வேறு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாசனை அடித்து, கடைவாய்ப் பல் வலியையும் மறந்து சிரித்திருக்கிறான்.

அறையை அடைத்துக்கொண்டு மேஜை. மேஜை என்றால் ஒன்றில்லை. பழைய பிங்பாங் மேஜை ஒன்று, அதோடு ஒட்டிப் போட்ட இரண்டு கதவுகள். அதன்மேல் ஒரு நாடே இருக்கிறது. நடுவில் ஓர் ஆறு, அதன் குறுக்கே ஒரே ஒரு கல்பாலம், இந்தக் கரையில் ஒரு கிராமம், கொஞ்சம் காடு, குன்றுகள். எல்லாம் அந்த அச்சு மாவில் செய்தது. வேண்டாமென்று தூக்கிப்போட்ட பல் அச்சுகளை அடுக்கி, மேலே மாவைப் பூசி, பச்சை அடித்தால் குன்று. கிழக்குக் குன்றுக்குள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய கீழ்த்தாடை இருக்கிறது. பாவம், அவருக்கு அது தெரியாது.

சிப்பாய்களும் அப்படித்தான். பள்ளிக்கூட நாளில் அவர்கள் பட்டன்களையும் சாக்பீஸ் துண்டுகளையும் வைத்துச் சண்டை போட்டார்கள். குண்டு பட்டன் பீரங்கி, கோட்டுப் பட்டன் தளபதி. வீட்டில் சட்டைக்கெல்லாம் பட்டன் காணாமல் போய் இரண்டு பேருக்கும் முதுகில் விழுந்தது. பல்லு ஒரு லேப்பில் வேலை பழகப்போனதும் அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டான். முதல் மாசமே, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், சுண்டுவிரலின் ஒரு கணு நீளத்துக்கு ஒரு சிப்பாயை வார்த்தெடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒற்றைச் சிப்பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு நீலத்தில் பாதி, சிவப்பில் பாதி என்று மேஜை நிறைய நிற்கிறார்கள். வார்த்தது, பெயிண்ட் அடித்தது, ஒவ்வொருத்தனுக்கும் மீசை வரைந்தது எல்லாம் பல்லு. சட்டதிட்டம் போட்டது மட்டும்தான் டைம்டேபிள்.

நடுவில் கல்யாணம், பிள்ளைகள், ராத்திரி ஷிஃப்ட், பெற்றவர்களின் வியாதி எல்லாம் வந்தன. போர் மட்டும் நிற்கவில்லை. டைம்டேபிளின் மகன் தவழ்கிற வயசில் மேஜைக்கடியில் புகுந்து நீலப் படையின் முரசடிக்கிறவனை விழுங்கிவிட்டான். வீடே பதறியது. இரண்டு நாள் கழித்து முரசுக்காரன் பத்திரமாக வெளியே வந்து, குளித்து, மறுபடி வேலைக்குச் சேர்ந்தான். அந்தப் பையன் இப்போது என்ஜினீயர். அவன் கல்யாணத்தில் பல்லு மேடையேறி மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து, "என் ஆள் ஒருத்தன் உனக்குள்ள போய் வந்தவன்டா" என்று சொன்னதை இன்னும் சம்பந்தி வீட்டார் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

"வந்துட்டியா" என்றான் பல்லு. எழுந்து நிற்கவில்லை. முன்னாலெல்லாம் வாசல்படியிலேயே ஆரம்பித்துவிடுவான், "வாடா தோக்கப்போறவனே" என்று. அடிக்கடி தோற்பவன் அவன்தான், பேச்சு மட்டும் குறையாது. இன்றைக்குக் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படைகளை அடுக்கி வைத்தது தன் மகன் என்று சொன்னான். சிப்பாய்கள் ஸ்கேல் வைத்த மாதிரி நின்றார்கள். பல்லு அடுக்கினால் அப்படி நிற்கமாட்டார்கள். ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ சொல்கிற மாதிரி திரும்பியிருப்பான், குதிரைக்காரன் ஒருத்தன் வழி தெரியாமல் நிற்பான்.

விதிகள் சுலபம், சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேரும் எந்தப் படை எங்கே போகணும் என்று ஒரு சீட்டில் எழுதி டீ கப்புக்கு அடியில் வைக்கணும். பிறகு இரண்டு சீட்டையும் சேர்த்துத் திறந்து, டேப் வைத்து அளந்து படைகளை நகர்த்தணும். எதிரிகள் மோதினால் தாயக்கட்டை உருட்டி எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பார்க்கணும். நிறைய பேர் விழுந்தால் மிச்சம் இருப்பவர்களுக்குத் தைரியம் பார்க்கணும். அதற்கும் ஓர் உருட்டு, குறைந்த எண் விழுந்தால் ஓட்டம். சாயங்காலம் பாலம் யார் கையில் இருக்கிறதோ அவன் ஜெயித்தான். எப்போதும் சிவப்பு டைம்டேபிளுக்கு, நீலம் பல்லுவுக்கு.

டைம்டேபிள் தோற்க ஆரம்பித்தான். அதை அவன் ரொம்ப நாசூக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டான். சிவப்புப் படையில் சிறந்தவர்கள் செங்குல்லாக்காரர்கள். உயரமான சிவப்புக் குல்லா, முரட்டு மீசை, தைரியம் பார்த்தால் லேசில் ஓடாதவர்கள். அவர்கள் பாலத்தில் போய் நின்றுவிட்டால் நகர்த்த முடியாது. அவர்களை டைம்டேபிள் பின்னால் நிறுத்திவைத்து, பிறகு காட்டு வழியாகச் சுற்றிவரும்படி சீட்டு எழுதினான். அதற்குள் நீலக் குதிரைப்படை பாலத்தைத் தாண்டி, கிராமத்துக்குள் புகுந்து, சிவப்புப் பீரங்கிகளைப் பிடித்துவிட்டது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான்.

"அடேயப்பா, இன்னைக்கு உன் குதிரைங்க பறக்குதுடா" என்றான் டைம்டேபிள்.

பல்லு தன் சீட்டைக் கப்புக்கு அடியில் தள்ளினான். அடுத்த சீட்டைத் திறந்தார்கள். செங்குல்லாப் படை இன்னும் காட்டுக்குள்ளேயே இருந்தது. பல்லு அந்தச் சீட்டை எடுத்தான். அவன் விரல்களில் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. படித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"பாலத்துக்கு நேரா ரோடு கெடக்கு. இவங்க எதுக்குடா காட்டுக்குள்ள சுத்துறாங்க?"

"கணக்கு தப்பிடுச்சு."

"கணக்கு தப்பிடுச்சா?" பல்லு நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு? உன் கல்யாணத்துக்கே நேரம் போட்டு, எந்தப் பந்தி எப்ப எந்திரிக்கணும்னு எழுதி ஒட்டின ஆளுடா நீ. உன் வண்டி என்னிக்கு லேட்டா வந்திருக்கு?"

டைம்டேபிள் டேப்பைச் சுருட்டினான், விரித்தான். பொய் சொல்லத் தெரியாதவன் கையில் எதையாவது வைத்துக்கொள்வான், பார்த்திருப்பீர்கள்.

"அவ போன் பண்ணாளா?"

டைம்டேபிள் டேப்பை மறுபடி சுருட்டினான்.

"பண்ணியிருப்பா" என்றான் பல்லு. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "காலையில அவதான் சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறா. பையன் வீட்ல இருந்த கண்ணாடி டம்ளரையெல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் வாங்கி அடுக்கியிருக்கான். லேப்ல நான் செஞ்ச பல்லை எனக்குத் தெரியாம பசங்க திரும்பச் செஞ்சு அனுப்புறாங்க. எனக்குத் தெரியாதாம்! என் பல்லு எனக்குத் தெரியாதா? சரி, எல்லாம் பாசம்தான். யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஒருத்தனும் என்கிட்ட சண்டைக்கு வரமாட்டேங்கிறான்டா. நான் என்ன சொன்னாலும் சரிங்கிறாங்க. இந்த மேஜையாவது மிச்சம் இருக்குன்னு நினைச்சேன்."

டைம்டேபிளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஏதாவது சொல்லணும் என்று வாயைத் திறந்தான்.

"பேசாத" என்றான் பல்லு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இடம் மாத்து."

இதை நான் சொல்லித்தான் ஆகணும். பட்டன் காலத்தில் இவர்களுக்குள் தினமும் ஒரே தகராறு: உனக்கு நல்ல குன்று கிடைச்சிடுச்சு, உனக்குத்தான் நல்ல பட்டன். தாங்கமுடியாமல் ஒரு விதி போட்டார்கள். ஒரு போரில் ஒரு தடவை, யார் வேண்டுமானாலும் 'இடம் மாத்து' என்று சொல்லலாம். சொன்னால் மறுபேச்சில்லை. இருவரும் மேஜையைச் சுற்றி நடந்து, அவன் படை இவனுக்கு, இவன் படை அவனுக்கு. மீசை முளைத்த பிறகு ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே இருந்தால் விதி செத்துப்போய்விடுமா என்ன?

"டேய், சிவப்பு நாசமாப் போய்க் கெடக்கு" என்றான் டைம்டேபிள்.

"யாரு நாசம் பண்ணது? நகரு."

இரண்டு பேரும் மேஜையைச் சுற்றினார்கள். ஜன்னல் பக்கம் வரும்போது ஒருத்தருக்கொருத்தர் வழிவிட வேண்டியிருந்தது. வயிறு இரண்டு பேருக்குமே கொஞ்சம் இருக்கிறது. பல்லு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

நீலப் பக்கம் போய் நின்ற டைம்டேபிள் தலையைத் தூக்கினான். அங்கே சிவப்புப் படை மொத்தமும் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷமாக அவன் பார்த்தது அவர்களுடைய முதுகைத்தான். ஒவ்வொருத்தனையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான், ஆனால் எல்லாரும் சேர்ந்து நேருக்கு நேர் முறைத்ததைப் பார்த்ததே இல்லை. அத்தனை மீசையும், அத்தனை கண்ணும், பிரஷ்ஷின் ஒற்றை முடியால் பல்லு உட்கார்ந்து வரைந்தது. எதிரிக்கு இவ்வளவு அழகாக முகம் வரைந்து கொடுத்துவிட்டு, வருஷா வருஷம் அந்த முகங்களிடமே உதை வாங்கியிருக்கிறான் மடையன். டைம்டேபிள் மூக்கைச் சிந்திக்கொண்டு தூசி என்றான். பல்லு திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் போர். காட்டைவிட்டு வெளியே வந்த செங்குல்லாக்காரர்களைப் பல்லு ஒரே சுற்றில் கிராமத்துக்குள் இறக்கினான். வீடு வீடாகச் சண்டை. நீலக் குதிரைகள் சந்துக்குள் மாட்டிக்கொண்டன. சந்துக்குள் குதிரை எதற்கும் ஆகாது என்று குதிரைகளை நேசித்தவனுக்குத் தெரியாதா? தைரியம் பார்க்கச் சொன்னான். டைம்டேபிள் உருட்டினான், ஒன்று விழுந்தது. நீலக் குதிரைப்படை பின்னங்கால் பிடரியில் பட ஓடியது.

"பறக்குதுன்னியே, இப்பப் பாரு எப்படிப் பறக்குதுன்னு!" என்றான் பல்லு. அன்றைக்கு அவன் சொன்ன முதல் கிண்டல் அது.

அடுத்த சுற்றில் செங்குல்லாப் படையைப் பாலத்தின்மேல் ஏற்றும்போது கை ஒரு வெட்டு வெட்டியது. முன்வரிசை முழுக்கச் சரிந்து, நாலைந்து பேர் ஆற்றில் விழுந்தார்கள். டைம்டேபிளின் கை தானாக நீண்டது.

"கையை எடு."

எடுத்துக்கொண்டான். பல்லு ஒருத்தனைப் பிடித்து நிறுத்தினான். அடுத்தவனை நிறுத்தும்போது முதல் ஆள் விழுந்தான். மறுபடி நிறுத்தினான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பி, போய், சத்தம் தேய்ந்தும் போனது. டைம்டேபிள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். உதவி செய்யாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி ஆளும் நின்றதும் பல்லு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். வரிசை கோணல்மாணலாக இருந்தது. ஒருத்தன் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்கிற மாதிரி திரும்பியிருந்தான்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்தபோது கடைசிச் சுற்று வந்தது. பாலம் சிவப்பிடம் இருந்தது. நாசமாகக் கிடந்த படையை வைத்துக்கொண்டு பல்லு அதைப் பிடித்துவிட்டான், விட்டால் ஜெயித்தும் விடுவான். டைம்டேபிளுக்கு இரண்டு வழி இருந்தது. மிச்சம் இருக்கிற காலாட்படையை நேராகப் பாலத்தின்மேல் அனுப்பலாம். அப்படி என்றால் உருட்டின பக்கம்தான் பதில், பாதிக்குப் பாதி. இன்னொரு வழி மேற்கே இருந்தது. ஆற்றில் அங்கே ஆழம் குறைவு, மாட்டுத் துறை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் குன்றுக்குப் பின்னால் நீலத்தின் சின்னக் குதிரைக் கூட்டம் ஒன்று காலையிலிருந்து சும்மா நின்றது. அது துறையைத் தாண்டிப் பாலத்துக்குப் பின்பக்கம் வந்துவிட்டால் செங்குல்லாப் படைக்கு முன்னாலும் எதிரி, பின்னாலும் எதிரி. அப்படி மாட்டினால் விதிப்படி உருட்டவே வேண்டாம், சரணடையணும்.

துறைக்குப் பல்லு ஓர் ஆள்கூடக் காவல் போடவில்லை. அது அவனுடைய இடது பக்கம். பல்லு பட்டன் காலத்திலிருந்தே இடது பக்கம் பார்க்கமாட்டான். முன்னால் எதிரி நின்றால் அவனுக்கு உலகமே முன்னால்தான். டைம்டேபிள் ஜெயித்த வருஷங்களில் பாதி அந்த இடது பக்கத்தால் வந்தவை. ஒவ்வொரு வருஷமும் முடிந்தபிறகு சொல்லியும் இருக்கிறான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

பேனாவைப் பிடித்துக்கொண்டு டைம்டேபிள் நின்றான். மாடிப்படிக்குக் கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் என்ன கேட்டாள் என்பது ஞாபகம் வந்தது. நேராக அனுப்பினால் யாரும் குறை சொல்ல முடியாது, பாதி வாய்ப்பு நிஜமான வாய்ப்புதானே, மாட்டுத் துறை கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எதிரே பல்லு தன் சீட்டை எழுதி முடித்துக் கப்புக்கு அடியில் வைத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மேஜை விளிம்பில் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மறைக்கக்கூட இல்லை.

டைம்டேபிள் எழுதினான். மடித்து வைத்தான்.

சீட்டுகளைத் திறந்தார்கள். பல்லு இவனுடையதை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மேற்கே மாட்டுத் துறையைப் பார்த்தான். பாலத்தைப் பார்த்தான். மறுபடி துறையைப் பார்த்தான்.

"அடப்பாவி!"

அறையே அதிர்ந்தது. "அடப்பாவி, இடது பக்கமா! மறுபடியும் இடது பக்கமாடா! சண்டாளா, கொஞ்சம்கூட ஈவிரக்கம் கிடையாதா உனக்கு? வியாதிக்காரன்டா நான்!"

"வியாதி கையிலதானே, கண்ணுல இல்லியே! இடது பக்கம் பாருன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அளடா! டேப் வச்சு அள! அந்தக் குதிரை அங்க வந்து சேராது."

அளந்தார்கள். குதிரை வந்து சேர்ந்தது, விரற்கடை மிச்சத்தோடு. தண்ணீரில் இறங்கினால் வேகம் பாதி என்று விதி இருக்கிறதே என்று பல்லு கிளப்பினான். அது ஆழத்துக்குத்தான், துறைக்கு இல்லை என்று டைம்டேபிள் கத்தினான். நீ போட்ட விதியை நீயே உனக்குச் சாதகமாக வளைக்கிறாய் என்று பல்லு மேஜையைத் தட்டினதில் சரணடையப்போகிற செங்குல்லாக்காரர்கள் பாதிப் பேர் குப்புற விழுந்தார்கள். அதைப் பார்த்து முதலில் சிரித்தது பல்லுதான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியைத் தேடிப்போய் உட்கார்ந்தான்.

படியில் தடதடவென்று சத்தம். பல்லுவின் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "என்னாச்சு? ஏன் இப்படிக் கத்துறீங்க ரெண்டு பேரும்?"

"இவன் ஜெயிச்சுட்டான்!" என்றான் பல்லு கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வழக்கம்போல! நம்ம வீட்டு டீயைக் குடிச்சுட்டு நம்ம மாடியிலயே நின்னு ஜெயிக்கிறான் பாரு, வெக்கங்கெட்டவன். எனக்குப் பசிக்குது, என்ன இருக்கு?"

அவள் டைம்டேபிளை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு டேப்பைச் சுருட்டினான். அவன் இறங்கிப் போகும்போது படி நடுவில் அவனை நிறுத்திவிட்டாள். "நான் என்ன கேட்டேன், நீங்க என்ன பண்ணியிருக்கீங்கண்ணா?" என்று ஆரம்பித்தாள். அதற்குள் மேலேயிருந்து, "டேய், போகாத, அந்தத் துறை விஷயம் இன்னும் முடியல!" என்று ஒரு கத்தல். அவள் அப்படியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவரு இப்படிக் கத்தி எத்தனை மாசம் ஆச்சு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பல்லு வாசல்வரை கூட வந்தான். செருப்பு மாட்டிக்கொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது, டைம்டேபிள் தெருவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பல்லு அவன் தோளைப் பிடித்தான்.

"டாக்டர் என் வியாதிக்குப் பேர் சொன்ன அன்னைக்குக்கூட எனக்குப் பெருசா ஒண்ணும் தோணலடா. இன்னைக்கு செங்குல்லாப் படையை நீ லேட்டா கொண்டுவந்த பாரு, அப்பதான் பயந்துட்டேன்."

தோளில் இருந்த கை நடுங்கியது, அதோடு சேர்ந்து டைம்டேபிளின் தோளும் நடுங்கியது. பஸ் வந்தது. ஏறாமல் அதை விட்டுவிட்டான்.